ஃபோம் கவசத்துக்கு எந்தப் பூச்சு? சென்னை வெயிலில் நான்கு வகை அடித்துப் பார்த்தேன்

ஃபோம் கவசம் செய்கிறவர்கள் யாராவது "ரெண்டு கோட் வெள்ளைப் பசை அடிங்க, அதுக்கு மேல எந்த பெயிண்டும் நிக்கும்" என்று சொன்னால், எந்த ஊரில் இருந்து சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள். குளிர்ந்த ஊரில் அது சரியாகவே இருக்கலாம். சென்னையில் அது நிற்காது. இதை நான் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில் தெரிந்துகொண்டேன். நாடகத்துக்காகப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மார்புக் கவசம் வெட்டி, வளைத்து, மரவேலைக்குப் பயன்படுத்தும் வெள்ளைப் பசையை மூன்று கோட் அடித்து, மேலே வெள்ளி நிறம் பூசி, எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வேனில் அனுப்பினேன். மதிய வெயிலில் அந்த வேன் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறது. இறக்கும்போது பன்னிரண்டும் ஒரே கட்டியாக வந்தன. பிரிக்கப் பிரிக்க வெள்ளி நிறம் பசையோடு சேர்ந்து பால் ஆடை மாதிரி உரிந்தது. ஒரு பையன் தன் கவசத்தை வாங்கி நெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றான், அந்த முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அதனால் என் அக்கா மகள் "சித்தி, எனக்கு ஒரு கவசம் செஞ்சு தர்றீங்களா" என்று கேட்டபோது சரி என்றேன், ஆனால் இந்த முறை பூச்சைச் சோதித்துப் பார்க்காமல் ஒரு துண்டும் வெட்டுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் காமிக் கான், அதாவது காமிக்ஸ் ரசிகர்கள் பிடித்த கதாபாத்திரமாக வேஷம் போட்டு வரும் விழா, முதல்முறையாகச் சென்னைக்கு வந்தபோது அவள் வேடிக்கை பார்க்கப் போனவள். திரும்பி வந்ததில் இருந்து அடுத்த முறை வேஷம் போட்டுத்தான் போவேன் என்று ஒரே பேச்சு. கதாபாத்திரமும் அவளே வரைந்ததுதான், மலை எல்லையில் காவல் நிற்கும் ஒரு வீராங்கனை. மார்பு, இரண்டு தோள், இரண்டு முன்கை, இரண்டு கெண்டைக்கால், அவ்வளவும் ஃபோம்.

ஃபோம் பற்றி ரொம்பச் சொல்லப் போவதில்லை. ஈவிஏ ஃபோம், அதாவது செருப்பின் அடிப்பாகத்துக்கும் குழந்தைகள் விளையாடும்போது தரையில் கோத்துப் போடும் மேட்டுக்கும் பயன்படுவது. விளையாட்டு மேட் பெரும்பாலும் 10, 12 மில்லிமீட்டர் கனத்தில் வரும், ஒரு பக்கம் கோடு கோடாக இருக்கும். கவசத்துக்கு 6 மில்லிமீட்டரும், அலங்காரத்துக்கு 2 மில்லிமீட்டரும் வேண்டும் என்பதால் பெரியமேட்டில் செருப்புச் சாமான் விற்கும் கடைகளில் தகடாக வாங்கினேன். கடையில் இரண்டு தகடை நகத்தால் அழுத்திப் பாருங்கள், எதில் பள்ளம் சட்டென்று மேலே எழுகிறதோ அதை வாங்குங்கள். அடர்த்தி குறைந்த ஃபோமில் எவ்வளவு நல்ல பூச்சு அடித்தாலும் விரல் பட்ட இடமெல்லாம் குழி விழும், பூச்சு அதோடு சேர்ந்து விரியும்.

சரி, சோதனைக்கு வருகிறேன். 6 மில்லிமீட்டர் தகட்டில் இருபது சென்டிமீட்டர் நீளத்துக்குப் பட்டை பட்டையாக வெட்டினேன். முதல் வகைக்குச் சூடு மட்டும். இரண்டாவதுக்குச் சூடு காட்டி வெள்ளைப் பசை. மூன்றாவதுக்கு ரப்பர் ஸ்ப்ரே. நான்காவதுக்கு மொட்டை மாடியில் கசிவுக்கு அடிக்கும் எலாஸ்டோமெரிக் பூச்சு, அந்த யோசனை எங்கள் வீட்டு மாடிக்கு பெயிண்ட் அடிக்க வந்த அண்ணன் கொடுத்தது. நான் ஃபோமை வளைத்துக் காட்டி, "இது வளையும், ஆனா மேல அடிக்கிறது வெடிக்கக் கூடாது" என்று சொன்னதும் அவர் யோசிக்கக்கூட இல்லை. "மாடி தளமும் அப்படித்தான்மா, பகல்ல விரியும், ராத்திரி சுருங்கும், அதுக்குன்னே ஒரு டின் இருக்கு" என்றார்.

ஒவ்வொரு பட்டையிலும் பாதிக்கு அக்ரிலிக் கறுப்பும் வெள்ளியும் பூசி ஒரு வாரம் காயவிட்டேன். அப்புறம் ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்து ஐம்பது தடவை நீட்டினேன், உப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்தேன், நகத்தால் கீறினேன். கடைசியாகச் செய்ததுதான் முக்கியமான சோதனை. ஒரே வகைப் பட்டை இரண்டை முகத்தோடு முகம் சேர்த்து, மாடியில் வெயில் படும் இடத்தில் அம்மிக் குழவியின் அடியில் ஒரு பகல் முழுக்க வைத்தேன். கவசம் எப்போதும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டும் அழுந்திக்கொண்டும்தான் இருக்கும், பையில் போட்டாலும் உடம்பில் மாட்டினாலும். ஆணியில் தொங்கவிட்டு அழகு பார்ப்பதை வைத்து ஒரு பூச்சை எடைபோடக் கூடாது.

சூடு மட்டும் காட்டிய பட்டை எதிர்பார்த்ததைவிட நன்றாகவே தாங்கியது. ஈவிஏ ஃபோமுக்குள் குமிழ்கள் தனித்தனியாக மூடியே இருக்கும், ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீர் உள்ளே போய்க்கொண்டே இருக்காது. ஆனால் வெட்டிய ஓரத்திலும் தேய்த்த இடத்திலும் குமிழ் திறந்துகொள்ளும், அங்கே பெயிண்டைக் குடிக்கும். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை நகர்த்திக்கொண்டே காட்டினால் மேற்பரப்பு லேசாக உருகி இறுகும், மங்கலாக இருந்தது மெல்லிய மினுமினுப்புக்கு மாறும், அந்த நொடியில் நகர்ந்துவிட வேண்டும். பட்டை வளைந்தபோது ஒன்றும் வெடிக்கவில்லை. குறை என்னவென்றால் ஃபோம் ஃபோம் மாதிரியே தெரிகிறது, இரும்பாகத் தெரியவில்லை. வெட்டிய ஓரத்தில் சொரசொரப்பு அப்படியே இருந்தது. பத்து நிமிடம் மேடையில் நிற்கும் குழந்தை வேஷத்துக்கு இது போதும் என்றே சொல்வேன், இதற்கு மேல் செலவு செய்ய வேண்டியதில்லை.

வெள்ளைப் பசைப் பட்டைகள் குழவியை எடுத்தபோது ஒட்டிப் போயிருந்தன. இரண்டு கையாலும் இழுத்துத்தான் பிரித்தேன், வேனில் நடந்ததேதான். காரணத்தையும் தேடிப் பார்த்தேன். அந்தப் பசையில் இருப்பது பாலிவினைல் அசிடேட். அது கிட்டத்தட்ட 30 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது கண்ணாடி மாதிரி கெட்டியாக இருந்த நிலையில் இருந்து இளக ஆரம்பிக்கும். நம் ஊரில் 30 டிகிரி என்பது காலை ஒன்பது மணிக்கே வந்துவிடுகிறது. அதோடு வியர்வை ஈரம் பட்டால் வெளுத்துப் பிசுபிசுக்கும். ஏசி அறையில் காய்ந்து வழுவழுவென்று இருக்கும்போது பார்த்தால் நான்கிலும் இதுதான் அழகு, அதில் ஏமாந்துவிடாதீர்கள். குளிர்ந்த இடத்தில் வளைத்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும், மடிப்பில் முடிபோன்ற விரிசல் ஓடும்.

ரப்பர் ஸ்ப்ரேயில் நான் எடுத்தது பிளாஸ்டி டிப். உலகம் முழுக்கக் கவசம் செய்கிறவர்கள் பேசும் பெயர் இது. அமெரிக்காவில் மினசோட்டாவில் 1972இல் ஆரம்பித்த கம்பெனி, முதலில் இடுக்கி, கொறடு போன்ற கருவிகளின் கைப்பிடியை முக்கி எடுக்கும் ரப்பர் திரவமாகத்தான் வந்தது. அப்புறம் கார் சக்கரத்துக்கு அடித்து, வேண்டாம் என்றால் தோலாக உரித்து எடுக்கிற ஸ்ப்ரேயாகப் பெயர் வாங்கியது. 311 கிராம் கேன். நம் ஊரில் ஒரு கேன் விலைக்கு மாடிப் பூச்சில் ஒரு டின்னே வாங்கிவிடலாம். ஆனால் கையில் தொட்டுப் பார்த்தால் ஏன் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள் என்று புரிகிறது. நான்கு மெல்லிய கோட், இடையில் அரை மணி அரை மணி நேரம் விட்டு அடித்தேன். பிரஷ் தடம் இல்லை, ஓரம் மழுங்கவில்லை, 2 மில்லிமீட்டர் ஃபோமில் வெட்டி ஒட்டிய பூ வேலைப்பாடு ஒரு கோடுகூட மறையாமல் அப்படியே நின்றது. ஐம்பது மடிப்புக்கும் ஒரு விரிசல் இல்லை. குழவிக்கு அடியில் இருந்து எடுத்தபோது பட்டைகள் தானாகவே பிரிந்தன.

உரிக்க முடிகிற பூச்சு என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஓரத்தை மடக்கி உள்பக்கம் ஒரு விரல் அகலத்துக்காவது அடியுங்கள். வெளிப்பக்கத்தோடு நிறுத்தினால் அந்த ஓரத்தில் நகம் பட்டுத் தூக்கும், தூக்கிய இடத்தில் இருந்து கிழியும். பூச்சு மெல்லிசாக இருந்தால் கிழிவது இன்னும் சுலபம். அடிக்கும் நேரமும் முக்கியம். காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும்போது ஸ்ப்ரே அடித்தால் கரைப்பான் வேகமாக ஆவியாகி மேற்பரப்பைக் குளிர வைக்கும், காற்றில் உள்ள ஈரம் அதில் படிந்து வெண்மையாகப் புகை பிடித்த மாதிரி நிற்கும். அதனால் காலை பத்து மணிக்கு முன்னால், மழை பெய்து ஓய்ந்த உடனே, இந்த இரண்டு நேரத்திலும் அடிக்காதீர்கள்.

நாற்றத்தையும் சொல்லியாக வேண்டும். உள்ளே இருப்பவை பெட்ரோலியத்தில் இருந்து வரும் கரைப்பான்கள், துணி மாஸ்க்கோ, என்95 மாஸ்க்கோ அந்த ஆவியைத் தடுக்காது. தூசுக்குத்தான் என்95, ஆவிக்குக் கரி வடிகட்டி மாட்டிய மாஸ்க் வேண்டும். ஹீட் கன் காட்டும்போது வரும் புகைக்கும் அதே மாஸ்க்தான். கேனில் இருந்து வருவது எளிதில் தீப்பிடிக்கும் வாயு, ஆகவே சமையலறையிலும், பூஜை விளக்கு எரியும் இடத்திலும் எக்காரணம் கொண்டும் அடிக்காதீர்கள். மாடிக்குப் போங்கள், மொட்டை மாடி இல்லையென்றால் இந்த வகையை விட்டுவிடுங்கள்.

இதே பெயரில் அரைகுறையாக அச்சடித்த ஒரு கேனை இன்னொரு கடையில் பாதி விலைக்குக் கொடுத்தார்கள், அதையும் வாங்கி ஒரு பட்டையில் அடித்தேன். காய்ந்தபோது நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது மடிப்பில் விரிசல், பத்தாவது மடிப்பில் செதில் செதிலாகக் கொட்டியது. உள்ளே இருந்தது சாதாரணக் கறுப்பு பெயிண்ட் என்றுதான் நினைக்கிறேன். விலை ரொம்பக் குறைவாக இருந்தால் வாங்காதீர்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால் கவசத்தில் அடிக்கும் முன் ஒரு துண்டு ஃபோமில் அடித்து மடித்துப் பாருங்கள்.

எனக்குப் பிடித்தது கடைசிப் பட்டை. மாடிக்கு அடிக்கும் எலாஸ்டோமெரிக் அக்ரிலிக் பூச்சு தண்ணீரில் கரையும், நாற்றம் சுண்ணாம்பு அடித்த வீட்டளவுக்குத்தான், வீட்டுக்குள் உட்கார்ந்து பிரஷ்ஷால் அடிக்கலாம், கையில் பட்டால் குழாயடியில் கழுவிக்கொள்ளலாம். வெள்ளை, சாம்பல், செங்கல் நிறத்தில் கிடைக்கிறது, சாம்பல் நிறம் வாங்குங்கள், மேலே அடிக்கும் கறுப்புக்கு ஒரு கோட் மிச்சம். டின்னில் எலாஸ்டோமெரிக் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், வெறும் வாட்டர்ப்ரூஃப் என்று போட்டிருப்பதில் சிமென்ட்டோடு கலக்கும் வகையும் உண்டு, அது இதற்கு ஆகாது. முதல் கோட்டை மோர் பதத்துக்குத் தண்ணீர் விட்டு அடித்தேன், ஃபோமின் கண்களை அடைக்க அதுதான் நன்றாக இறங்குகிறது. மேலே இரண்டு கோட் டின்னில் இருந்தபடி. ஐம்பது மடிப்பு, நூறு மடிப்பு, இழுத்துக்கூடப் பார்த்தேன், ஃபோம் கிழிந்ததே தவிரப் பூச்சு விடவில்லை.

இதிலும் குறை உண்டு. இரண்டு விஷயம். பூச்சை மட்டும் விட்டால் மேற்பரப்பில் லேசான பிசுபிசுப்பு இருந்துகொண்டே இருக்கும், தூசி பிடிக்கும், குழவிச் சோதனையில் கொஞ்சம் ஒட்டியது. வளைவதற்காகவே மென்மையாகச் செய்திருக்கிறார்கள், அதனால் வருவது. மேலே அக்ரிலிக் பெயிண்ட் பூசியிருந்த பாதியில் அந்த ஒட்டல் இல்லை. இன்னொன்று, கெட்டியான பூச்சு என்பதால் பிரஷ் தடம் விழும், சின்ன வேலைப்பாடு மூழ்கும். தோளுக்காக அக்கா மகள் ஒரு சோதனைப் பட்டையில் வெட்டி ஒட்டிப் பார்த்த மயிலிறகுக் கோடுகள் மூன்றாவது கோட் அடித்ததும் பாதி காணாமல் போய்விட்டன. பிரஷ்ஷுக்குப் பதிலாக ஒரு துண்டு ஸ்பாஞ்சால் தட்டித் தட்டி அடித்தபோது தடம் போனது, அம்மைத் தழும்பு மாதிரி ஒரு சொரசொரப்பு வந்தது. வார்ப்பு இரும்புக்கு அது பொருத்தமாகவே இருந்தது என்று வைத்துக்கொண்டோம்.

ஆகவே உண்மையான கவசத்தில் இரண்டையும் சேர்த்துக்கொண்டேன். வேலைப்பாடு உள்ள தோள்களுக்கும் மார்பின் நடுவிலுள்ள முத்திரைக்கும் பிளாஸ்டி டிப், ஒரு கேனில் முடிந்தது. மார்பின் மற்ற பாகம், முன்கை, கெண்டைக்கால், எல்லாவற்றுக்கும் மாடிப் பூச்சு, ஒரு லிட்டரில் பாதிக்கு மேல் மிச்சம்.

பூச்சுக்கு முன்னால் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். வளைப்பதெல்லாம் முதலில், பூச்சு அடித்த பிறகு சூடு காட்டினால் பூச்சு கொப்புளிக்கும். ஒட்டுவதற்குச் செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் மஞ்சள் நிற ரப்பர் பசை, இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அப்புறம் சேர்க்க வேண்டும். அலங்காரத்துக்கு ஃபோமுக்குப் பதிலாகத் தெர்மகோல் வைக்காதீர்கள், இந்தப் பசையும் ஸ்ப்ரேயும் அதைக் கரைத்துத் தின்றுவிடும். ஒட்டிய இணைப்பில் தெரியும் இடைவெளியை அடைக்க அக்ரிலிக் சீலன்ட் வாங்குங்கள், ஈர விரலால் தடவினால் கோடு மறைந்துவிடும். ஹார்டுவேர் கடையில் கேட்டால் சிலிக்கோன் ட்யூபை எடுத்து நீட்டுவார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், சிலிக்கோன்மேல் உலகத்தில் எந்த பெயிண்டும் நிற்காது, நின்ற மாதிரி இருந்து தோலாக உரியும். கடைசியாக ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிட்டுத்தான் முதல் கோட்.

பெயிண்ட் அடிப்பது இந்த வேலையிலேயே சந்தோஷமான பகுதி. ஃபோம் இரும்பாக மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். முதலில் முழுக்க மங்கலான கறுப்பு. வெள்ளி நிறத்தை நேராகச் சாம்பல்மேல் அடித்தால் அது வெள்ளிப் பெயிண்ட் அடித்த ஃபோமாகத்தான் தெரியும், அடியில் கறுப்பு இருந்தால்தான் குழியில் நிழல் தங்கும். நான் எடுத்தது ஃபெவிக்ரில், கேமல் இரண்டின் அக்ரிலிக் நிறங்கள், உலர்ந்த பிறகும் வளையும், சின்ன பாட்டிலாகக் கிடைக்கும். வெள்ளியைப் பிரஷ்ஷில் தொட்டு, பழைய துணியில் பெரும்பாலும் துடைத்துவிட்டு, ஏறக்குறைய காய்ந்த பிரஷ்ஷால் மேடான இடங்களை மட்டும் தடவிக்கொண்டே போக வேண்டும். அப்புறம் கறுப்பும் காவியும் கலந்து நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து எல்லா இடத்திலும் பூசி, உடனே ஈரத்துணியால் துடைத்தால் இடுக்கில் மட்டும் அழுக்கு தங்கும். ஓரங்களில் கிராஃபைட் தூளை விரலால் தேய்த்தோம், 6பி பென்சிலைச் சுரண்டினாலே போதும், வாள் பட்டுத் தேய்ந்த விளிம்பு மாதிரி ஒரு கருநீல மினுமினுப்பு வரும். அதைத் தேய்த்து முடித்தபோது அக்கா மகள் முன்கைக் கவசத்தைத் தூக்கிப் பார்த்து, "சித்தி, கனமா இருக்கற மாதிரி தெரியுது" என்றாள். எடை நூறு கிராம்கூட இருக்காது.

மேலே காப்புக்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷ், முழு பளபளப்பும் இல்லாமல் முழு மங்கலும் இல்லாமல் நடுவாந்திரமானது. முழு மங்கல் அடித்தால் வெள்ளியின் உயிர் போய்விடும். மரச்சாமானுக்கு அடிக்கும் பாலிஷ், கதவுக்கு அடிக்கும் எனாமல், இவை இரண்டும் கண்ணாடி மாதிரி கெட்டியாகக் காய்பவை, வளைகிற பொருளில் வேண்டவே வேண்டாம்.

காமிக் கானுக்குப் போன இரண்டு நாளும் அவள் காலையில் மாட்டிக்கொண்டு சாயங்காலம்வரை கழற்றவில்லை. உள்ளே ஏசி, வெளியே வெயில், படம் எடுக்கிறவர்கள் கூப்பிட்ட இடத்தில் எல்லாம் முட்டி போட்டு உட்கார்ந்தாள், கூட்டத்தில் இடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எல்லாவற்றையும் விளக்கு வெளிச்சத்தில் வைத்து விரலால் தடவிப் பார்த்தேன். மாடிப் பூச்சு அடித்த எந்தத் துண்டிலும் விரிசல் இல்லை. முழங்கால் மடியும் இடத்தில் கிராஃபைட் கொஞ்சம் தேய்ந்திருந்தது. பிளாஸ்டி டிப் அடித்த இடது தோளில் பை வார் உரசி ஒரு ஓரம் தூக்கியிருந்தது, உள்பக்கம் மடக்கி அடிக்காமல் அவசரத்தில் நான் விட்ட ஓரம் அது. நிஜமான விரிசல் ஒரே இடத்தில், மார்பு முத்திரையைச் சுற்றி ஓடிய பொன் கோட்டில். அந்தக் கோட்டுக்கு மட்டும் பொன்னிற அக்ரிலிக் தீர்ந்துபோய், வீட்டில் இருந்த எனாமலைத் தொட்டு வைத்திருந்தேன். அது மட்டும் காய்ந்த ஏரி மாதிரி பாளம் பாளமாகப் பிளந்திருந்தது, அடியில் இருந்த ரப்பருக்கு ஒன்றும் ஆகவில்லை. சுரண்டி எடுத்து அக்ரிலிக் பொன் அடித்தாயிற்று.

ஒரே ஒரு பூச்சுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் மாடிப் பூச்சில் ஒரு லிட்டர் டின் வாங்குங்கள், பத்துக்கு எட்டரை கொடுப்பேன். நுணுக்கமான வேலைப்பாடு உள்ளவர்கள், மொட்டை மாடியும் சரியான மாஸ்க்கும் உள்ளவர்கள், பிளாஸ்டி டிப் ஒரு கேன் சேர்த்துக்கொள்ளுங்கள். பொருளாக மட்டும் பார்த்தால் அதற்கு ஒன்பது, விலையைச் சேர்த்தால் ஏழு. எதை அடித்தாலும் கவசத்தை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுப் போகாதீர்கள், பூச்சு தாங்கினாலும் ரப்பர் பசையால் ஒட்டிய இணைப்பு வாய் பிளக்கும், வளைத்த வளைவும் தளர்ந்துவிடும்.

ஆண்டு விழாவுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் மறுபடியும் கேட்டிருக்கிறார்கள், இந்த முறையும் பன்னிரண்டு வீரர்கள்தான். நான்கு லிட்டர் டின் வாங்கி வைத்திருக்கிறேன். வேனில் ஒவ்வொன்றுக்கும் இடையில் வைக்கப் பழைய வேட்டித் துணியையும் கிழித்து வைத்தாயிற்று.